இது பலகாரம் இல்லை, அம்மா

அம்மா,

டைப்பிங் கிளாசுக்குக் கிளம்பிவிட்டேன். எட்டு மணிக்குள் வந்துவிடுவேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனம் வரவில்லை.

மேசையில் நீல டப்பாவில் குக்கீஸ் இருக்கிறது. ஓட்ஸ், கோதுமை மாவு, பேரீச்சம்பழம், உலர் திராட்சை, முந்திரி, வேர்க்கடலை. சர்க்கரை போடவில்லை. அடி கொஞ்சம் தீய்ந்திருக்கிறது. குக்கரில் எவ்வளவு சூடு வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேஸ்கட்டைக் கழற்றி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

"அப்பா போயி ரெண்டு மாசங்கூட ஆவல, அதுக்குள்ள ஊடு மணக்குது, இன்னாடி இது?" என்று மதியம் கேட்டாய். அப்போது நான் கதவைச் சாத்தியது தப்பு.

துக்க வீட்டில் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் செய்யக்கூடாது என்று எனக்கும் தெரியும். இதைப் பலகாரமாக நினைத்துச் செய்யவில்லை. பேரீச்சம்பழம் இனிக்கத்தான் செய்கிறது. அதனால் நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் நீ சோற்றைத் தொட்டு நான்கு நாளாகிறது. வெறும் வயிற்றில் பிரஷர் மாத்திரை போடுகிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு வரலட்சுமி அக்கா ஆறரை மணிக்கு உன்னைப் பார்க்க வருவார். அவருக்குத் தட்டில் வைத்து நீட்டாதே. ஊருக்குக் கொடுத்தால்தானே அது பலகாரம்? இது உனக்கு மட்டும்.

ஃபெபி

கடிக்கக் கஷ்டமாக இருந்தால் பாலில் நனைத்துக்கொள். பால் காய்ச்சி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. டப்பாவில் எத்தனை வைத்தேன் என்று எங்கும் குறித்துவைக்கவில்லை. வந்து எண்ணிப் பார்க்க மாட்டேன்.