மூணு இலைக் கிளையை வெட்டிடுங்க

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா? நான் நல்லா இருக்கேன்.

"நீ நட்டுட்டுப் போன ஆரஞ்சு எலுமிச்சை கலப்பு ஒட்டுக்கன்னு உன் உசரத்துக்கு வந்துடுச்சுடா"ன்னு போட்டோ அனுப்பினீங்களே, அதை இங்க வேலை பாக்குற லாண்டரியில இஸ்திரி போடும்போது பார்த்துக் கத்தியே விட்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்து, "என்னப்பா, கையைச் சுட்டுக்கிட்டியா?"ன்னாரு. "இல்ல சார், எங்க வீட்டுச் செடியில மூணு மூணா இலை விட்டிருக்கு!"ன்னேன். மனுஷன் முறைச்சுட்டுப் போயிட்டாரு. கையும் லேசா சுட்டுச்சு, ஆறிடுச்சு.

விஷயம் இதான்மா. ஒரே காம்புல மூணு இலை இருந்தா அது நம்ம கலப்பு இல்ல, ஒட்டுக்குக் கீழே வேருக்காக வச்ச காட்டுச் செடியிலேருந்து கிளம்பின கிளை. நூறு வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன், நம்புங்க! பக்கத்துல காம்புக்கு ஒத்தை இலையா ஒரு சாண் உசரத்துல நோஞ்சானா நிக்குதே, அதான் நம்மளது. பெருசை விட்டுவச்சா சின்னது செத்துடும். என் உசரம்னு பாவம் பாக்காம பெரிய கிளையை மட்டும் அடியோட வெட்டிடுங்க.

வெட்டினதும் இன்னொரு போட்டோ அனுப்புங்க. போன தடவை செடி மட்டும்தான் இருந்துச்சு. இந்தத் தடவை பக்கத்துல நீங்களும் நில்லுங்க. செடியோட உசரம் தெரியணும்ல, அதுக்குத்தான்.

ஷிப்டுக்கு நேரமாச்சு, ஓடுறேன்.

உங்க பையன்