ஆபரேஷனுக்கு முன் ஒரு படம்

14 ஜூலை 1992, செவ்வாய்

காலையிலிருந்து மேல்காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் புழுதி. திங்கள்கிழமை மதுரையில் அட்மிஷன். கட்டி இருக்கிற இடது மார்பை எடுத்துவிடுவார்கள். டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டுக்காரர் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. "சாப்ட்டாச்சா?" என்று சுவரைக் கேட்கிறார். பயமா, அருவருப்பா? எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

பேண்டேஜ் கம்பெனியில் லீவு சொல்லியாச்சு. என்ன ஏது என்றார் சூப்பர்வைசர். "கர்ப்பப்பை" என்று பொய். அதற்கு மேல் எந்த ஆம்பிளையும் கேட்பதில்லை.

ஒரு ஆசை. யாரிடமும் சொல்ல முடியாது. போவதற்கு முன் ஒரு படம். மேலே துணியில்லாமல். இருக்கிறபடி.

16, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்தில் எடுத்தால் நான் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிடும். மெர்சி என்னோடு படித்தவள். அவள் புருஷனுக்கு அங்கே ஸ்டுடியோ, அவளும் படம் எடுப்பாள். ஆனி மாதக் கல்யாண ரோல்களைக் கழுவ அவர் மதுரைக்குப் போயிருந்தார். ஷட்டரை இறக்கினாள்.

"கலர் வேண்டாம்ட்டி. மதுரை லேப்ல எவனெவனோ பாப்பான். கறுப்பு வெள்ளைன்னா நானே கழுவிருவேன்."

எவ்வளவு என்றேன். நல்ல சேலை எடுக்கிற காசு சொன்னாள். சுருக்கென்றது.

"சும்மா எடுத்துக் குடுத்தா பாவம் பாத்த மாதிரி ஆயிரும். காசு குடு. பொறவு எப்படி எடுக்கணும்னு நீ அதிகாரம் பண்ணலாம்."

கொடுத்தேன். அதிகாரமும் பண்ணினேன்.

ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றினேன். வெளியே எவரோ ஷட்டரைத் தட்டி, "பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும்!" எனக்கு உயிரே போய்விட்டது. "கரண்ட் இல்ல, பொறவு வாங்க!" என்று கத்துகிறாள் மெர்சி, இரண்டு பெரிய லைட்டும் எரிகிறபோது. சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்போடு எடுத்துவிட்டாள். முகம் பக்கவாட்டில்.

18, சனி

படம் வாங்கப் போனேன். டார்க் ரூமில் வைத்துக் காட்டினாள். நான்தான். ஆனால் கட்டி இருக்கிற இடத்தில் தோல் உள்வாங்கி ஒரு குழி உண்டு. படத்தில் அது இல்லை. வழவழவென்று இருக்கிறது.

மெர்சிக்கு முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, மதுரையிலருந்து வந்ததும் எங்க வீட்டு அவிய கை வச்சிட்டாவ. காயப்போட்ட நெகட்டிவ்ல டச்சப் பண்ணிருக்காவ. மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புற போட்டோல பென்சில வச்சி அம்மைத் தழும்ப மறைப்பாவல்லா, அந்தப் பழக்கம்."

"அப்போ என்னைப் பாத்துட்டாரா?"

"நெகட்டிவ்ல ஆள் தெரியாதுட்டி. செத்த நேரம் இரு, அழிச்சிட்டு வேற பிரிண்ட் போட்டுத் தாரேன்."

முன்னறையில் அவர் செருமுகிற சத்தம். இருக்க முடியவில்லை. படத்தையும் நெகட்டிவையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவு காசும் கொடுத்து, அவ்வளவு வெட்கமும் பட்டு, கடைசியில் யாருடைய உடம்பையோ வாங்கி வந்திருக்கிறேன். பஸ்ஸில் அழுகை.

20, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன். கை ஆடுகிறது.

காலையில் பெட்டியில் துண்டு வைக்கப் போன வீட்டுக்காரர் படம் இருந்த கவரைப் பிரித்துவிட்டார். அடிதான் என்று நினைத்தேன்.

"எவன் எடுத்தான்?"

"மெர்சி."

ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது நீ இல்லையே. இந்தப் பக்கம் குழி இருக்கும்லா."

"அதை எப்போ பாத்தீங்க?"

"ஒனக்குத் தெரியுமுன்னயே. சொல்லப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன். அப்பவே சொல்லிருந்தா..."

அட பாவி மனுசா! நெஞ்சில் ஓங்கி ஓங்கி அடித்தேன். தடுக்கவில்லை. நான் ஓய்ந்ததும் போய்க் கதவைத் தாழ்போட்டார்.

"செத்த நேரம் படத்துல உள்ள மாதிரி நில்லு. பாத்துக்கிடுதேன்."

நின்றேன். நேராகப் பார்த்தார். நாங்கள் போக வேண்டிய முதல் பஸ் போய்விட்டது.