பதினைந்தாவது பயணி

பிரஸ்ஸல்ஸ், மார்ச் 3

என் தம்பிக்கு,

என் கடிதங்களைப் பிரிக்காமலே அடுப்பில் போடுகிறாய் என்று தெரியும். இதையாவது படி.

ஐரோப்பா முழுவதும் 2050-க்குள் புகையில்லாப் போக்குவரத்து என்று இங்கே திட்டம் எழுதுகிறோம். மலை ஊர்களுக்கெல்லாம் மறுபடி ரயில் விட வேண்டுமாம். பட்டியலில் நம் லிப்கோவ் பாதையும் இருக்கிறது. நான் மூடச் சொன்ன அதே பாதை.

ஆறு வருடத்துக்கு முன் காலை வண்டியில் ஆள் எண்ண வந்தேனே, அன்று நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. பதினைந்து பேர் இருந்தால் பாதை பிழைக்கும். நான் பதினான்கு என்று எழுதினேன். ஆஸ்பத்திரி வேலைக்குப் போக உன் மிலாடா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், மடியில் கசகசா பன்.

"என்னையும் சேத்துக்கோங்க அக்கா, நான் என்ன பேயா?" என்று சிரித்தாள்.

"சும்மா இரு. தம்பி பொண்டாட்டிய எண்ணினா, சொந்த ஊருக்குச் சலுகை காட்டுறேன்னு சொல்லுவாங்க" என்றேன்.

பாதையை மூடினார்கள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பனி உறைந்து அவள் கார் சறுக்கிய அந்த வளைவில் நீ இன்றும் மெழுகுவத்தி ஏற்றுகிறாயாம். அம்மா சொன்னாள்.

நேற்று நம் பாதையில் சோதனை வண்டி ஓடியது. எண்ணும் தாளோடு நான்தான் ஏறினேன். ஓட்டுநரையும் என்னையும் தவிர யாருமில்லை. லிப்கோவில் கதவு திறந்தபோது உன் வீட்டுக் கூரை தெரிந்தது. இறங்கக் கால் வரவில்லை. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்காமலே வந்தேன்.

தாளில் 'பயணிகள்: ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எண்ணுகிறவரைச் சேர்ப்பது வழக்கமில்லை. அந்த ஒருவர் நானில்லை.

உன் அக்கா