நான் கையெழுத்துப் போட்ட பலகை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம், அவர் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றால் எங்களுக்கு வேறு குறையில்லை. போன வாரம் போனில், உன் வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கும் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு என்றேன், நீயும் சரிம்மா என்றாய். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்கு முன் என் மானம் கப்பலேறிய கதையைக் கேட்டுவிடு.

மழையில் நம் கடைப் பலகை உரிந்துபோய்விட்டது, புதிதாக எழுத பெயின்டரை வரச்சொன்னேன். பலகையில் என்ன வரவேண்டுமோ அதைக் கடைக்காரரே சீட்டில் தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தால்தான் அவர் பிரஷ்ஷைத் தொடுவார். நானும் ஸ்டேஷனரி என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, மத்த கடையிலெல்லாம் இந்த ஆருக்கு முன்னாடி ஈ எழுத்து போட்டிருக்காங்க, நீங்க ஏ போட்டிருக்கீங்களே" என்றார். கடை நடத்துகிறவளுக்கே பாடமா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். மனிதர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் கேட்டபடியே சிவப்பில் எழுதிவிட்டுப் போனார். மறுநாள் நோட்டுப் பெட்டியைப் பிரித்தால் அட்டையில் அதே சொல், அங்கே ஈ. கம்பெனிக்காரன் தப்பாக அச்சடித்துவிட்டான் என்று முடிவு செய்தேன், என் புத்தி அப்படி. அப்பாதான் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்து நீட்டினார். வருடத்துக்கு ஐம்பது அகராதி விற்கிறேன், ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. ஏ போட்டால் நகராமல் ஒரே இடத்தில் நிற்பது என்று அர்த்தமாம், பேப்பர், பேனா, கவர் எல்லாம் ஈ போட்டதுதானாம். "நகராம நிக்கிறதுன்னா உன்னைத்தான் எழுதியிருக்கு, விடு" என்று அப்பா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். பெயின்டர் மேல் பழியைப் போடலாமென்றால் என் கையெழுத்து அவர் பையில் இருக்கிறது. வெட்கத்தை விட்டு அவரையே மறுபடி கூப்பிட்டேன். அவர் சிரிக்கவேயில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பழைய பலகையிலும் அதே ஏ தான், இருபத்திரண்டு வருடமாக அத்தனை பேர் படித்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, என் வாய்க்குப் பயந்திருப்பார்கள். நீ ஒருத்திதான் சொன்னாய். ஆறாம் வகுப்பில், டீச்சர் ஈ என்று சொன்னாங்கம்மா என்று ஓடி வந்தாய், கடை நிறைய ஆட்கள் நிற்கையில் உன்னை அதட்டி, நான் எழுதுகிறபடியே ஐம்பது தடவை எழுத வைத்தேன். பரீட்சையிலும் அப்படியே எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டாயோ என்னவோ, வீட்டில் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு நீ எதற்குமே என்னை மறுத்துப் பேசியதில்லை, அடங்கின பிள்ளை என்று நானும் கண்டவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். போன தடவை வந்தபோது அங்கே மனசே ஒட்டவில்லை என்று மெதுவாக ஆரம்பித்தாய், அதையும் நான் முழுதாகக் கேட்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. நீ சொன்ன சரிம்மாக்களில் எத்தனை நிஜமென்று எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடாதே என்று சொல்ல வரவில்லை, அதுவும் அதிகாரம்தான். உனக்கு என்ன வேண்டும் என்று சொல், நான் சொன்னது தப்பென்றால் தப்பென்று சொல்.

எந்த முடிவு எடுத்தாலும் நிறைந்த ஆயுசோடு நன்றாயிரு. அந்தத் தாளுக்குக் கடைசித் தேதி பன்னிரண்டு என்றாய், அதற்குள் கூப்பிடு. எனக்குக் கோபம் வரும், பாதிப் பேச்சில் போனை வைத்துவிடுவேன். வைத்தால் மறுபடியும் கூப்பிடு, நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா