கிணற்றோடு ஓர் ஆள்

10.03.1996
ஞாயிறு. ஸ்டூடியோ பூட்டு. வாரம் முழுக்க அடையாள அட்டைக்கு முகம் எடுத்து அலுத்துப்போய், கடற்கரை ஊரான இறக்கக்கண்டிக்கு பஸ் ஏறினேன். பூமி சூடேறிக் கடல் உயர்கிறதென்று பத்திரிகைகள் மாலைதீவைக் காட்டுகின்றன. எங்கள் கரையும் கரைகிறது. அதை யார் எடுப்பது? வருடா வருடம் ஒரே இடத்தில் நின்று நான் எடுக்கப்போகிறேன்.

கரையிலுள்ள இராணுவக் காவலரணில் வெறும் கடலை எடுக்க விடவில்லை. ஆள் நின்றால் எடுக்கலாமாம். கரையோர வீட்டுச் சீதேவியக்கா தன் மகன் கதிரவேலைக் கிணற்றுக்கட்டோடு நிறுத்திவிட்டார்.

"சிரிக்கட்டோ அக்கா?" என்று என்னைக் கேட்டான்.

"எப்பிடியும் நில். எனக்குக் கிணறுதான் முக்கியம்" என்றேன்.

கிணற்றுக்கும் அலைக்கும் நடுவில் இரண்டு தோணி கிடந்தன.

09.03.1997
அதே இடம். கதிரவேலுக்கு மீசை. இப்போது ஒரு தோணிக்குத்தான் இடம். கிணற்றுத் தண்ணீர் உப்புக்கரிக்கிறதாம்.

20.11.1997
நிலாவெளியில் பஸ்ஸை மறித்துச் சில பொடியன்களை இறக்கினார்களாம். கதிரவேலும் அதில் ஒருவனாம். யார் இறக்கியது? ஆளுக்கொரு கதை.

22.11.1997
பொய்யாக இருக்கட்டும்.

08.03.1998
அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. போவதா விடுவதா என்று யோசித்துவிட்டுப் போனேன்.

மாரிக் கடல் மண்ணை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கிணறு தண்ணீருக்குள் தூண் மாதிரித் தனியே நிற்கிறது. நான் கேட்கவில்லை, சீதேவியக்கா தானாகவே முழங்கால் தண்ணீரில் இறங்கி அவன் நின்ற பக்கம் நின்றார். இரண்டு முறை எடுத்தேன்.

05.07.1998
மூன்று படத்தையும் சீதேவியக்கா முன்னால் அடுக்கினேன். அடுத்த மாரிக்கு வீடு மிஞ்சாது, கரையை விட்டுத் தள்ளிக் கப்பல்துறையில் இருக்கும் உங்கள் தங்கச்சி வளவுக்குப் போங்கள் என்றேன். அவர் படத்தில் கடலைப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார்.

"அவன் வந்தா என்னை எங்கையெண்டு தேடுவான்?"

பஸ்ஸில் வரும்போது ஆத்திரம். அந்த மனிசி கடலோட போகப்போகுது — நான் என்ன, அதையும் படம் எடுக்கிறதோ?

14.10.1998
ஸ்டூடியோவுக்கு சீதேவியக்கா வந்தார். படங்களை மறுபடி கேட்டார்.

"மூண்டும் ஒரே இடமெண்டு பாக்கிற ஆளுக்கு எப்பிடி விளங்கும்?"

"எல்லாத்திலையும் கிணறு நிக்குதுதானே அக்கா."

"ஓம்" என்றார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

25.10.1998
கப்பல்துறை. சீதேவியக்கா வந்துவிட்டார்! தங்கச்சி வளவில் தகரக் கொட்டில். கமராவோடு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். நான் கிட்டப் போக, கையால் மறித்தார்.

"தள்ளி நிண்டு எடுங்கோ. நான் சின்னனா விழுந்தாப் போதும். கண்டி றோட்டும், அந்தப் புளியமரமும், கப்பல்துறை எண்டு எழுதின கடைப் பலகையும் வடிவா விழவேணும்."

இறக்கக்கண்டிச் சந்தியில் முனாப்பின் கடையில் அதை மாட்டவேண்டுமாம். மகனானாலும் சரி, ஊருக்குள் போகிற எவரும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

பெரிய அளவில் பிரிண்ட் போட்டேன். எனக்கு இதுவரை இப்படி ஒரு படம் அமையவில்லை.

13.12.1998
இறக்கக்கண்டி. முனாப் படத்தைக் கண்ணாடி போட்டு, பாண் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார். இன்னும் ஒருவரும் கேட்டு வரவில்லையாம்.

கரைக்குப் போனேன். கிணறு இல்லை. வீடும் இல்லை. கமராவை எடுத்ததும் காவலரணிலிருந்து குரல் வந்தது.

"ஆள் எங்க?"

கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.