வாசனை இல்லாத வண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதச் சொல்லி உன் அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எழுதிவிட்டேன்.

இனி வம்புக்கு வருகிறேன். நம் பழைய ஸ்கூட்டரின் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகப் பெட்ரோல் பங்கில் குழாய் பிடிக்கிறவன் தன் வண்டியை மட்டும் கரண்ட்டில் ஓட்டப் போகிறானாம், பங்கில் என்னைத் துரோகி என்கிறார்கள். மேனேஜர் மட்டும் மரியாதை தெரிந்தவர். துரோகி சார் என்கிறார்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து உன் அம்மாவுக்குப் பெட்ரோல் வாசனை ஆகவில்லை. மூக்கில் பட்டாலே வாந்தி. வேலை முடிந்து வந்தால் என்னை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றவைத்து, சோப்பைக் கையில் கொடுக்கிறாள். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கூட்டிப்போனால் பாதி வழியில் இறங்கி ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். பஸ்ஸில் ஏறினால் டீசல். வேறு என்ன செய்ய? மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரைப் பிடித்தேன். நீ சின்ன வயதில் ஷாக் மாமா என்று பெயர் வைத்தாயே, அவர்தான். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "ஏதாவது எரிஞ்சா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று முடித்தார்.

பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார். பெட்ரோல் டேங்க் இருந்த இடத்தில் பேட்டரி. சீட்டுப் பஞ்சில் ஊறியிருந்த வாசனைதான் போகவே இல்லை. கடைசியில் உன் அம்மா பஞ்சைத் தூக்கிப் போடச் சொல்லி, தன் தையல் துணித் துண்டுகளை அடைத்துப் புது உறை தைத்துக் கொடுத்தாள். நாலு நாள் பிடித்தது. முன்பென்றால் அரை மணி நேர வேலை.

மோட்டாருக்கு மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று வயர். உன் அப்பனுக்குப் பச்சையும் நீலமும் ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஏறி உட்கார்ந்து ஜம்பமாக முறுக்கினேன், வண்டி பின்னால் பாய்ந்து தண்ணீர் டிரம்மில் மோதி நின்றது. மேல்மாடி அத்தை எட்டிப் பார்த்து, "வண்டியும் உங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கு, போன்னா வருது" என்றார். உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, தானே வயரைப் பிரித்துக் காட்டினாள். அப்படியென்றால், பச்சை நூல் கேட்டால் நீல நூல் வாங்கிவந்தது வேண்டுமென்று செய்ததில்லையா, இத்தனை வருஷம் திட்டிவிட்டேனே என்றாள். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்றேன்.

அவள் தூங்கிவிட்டாள். இந்த நேரத்தில் இப்போதெல்லாம் தூங்கிவிடுகிறாள். போனில் பேசினால் இந்த ஒற்றை அறையில் காதில் விழும். அதனால்தான் காகிதம். ஆஸ்பத்திரியில் சொன்னது எதையும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சொல்லவில்லை, வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை அதில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. வாந்தி வந்தால் துடைக்கக் கொண்டுபோன கைக்குட்டை காய்ந்தபடியே இருந்தது. உன் அம்மாவுக்கு அப்படியொரு பெருமை, டாக்டரம்மாவிடம் முதலில் வண்டிக் கதையைத்தான் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். பிறகு ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே நீங்க இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்மா, வீட்டிலேயே இருங்க, பிடிச்சதைச் சாப்பிடுங்க" என்றார். வலிக்கு மட்டும் மாத்திரை எழுதினார். அடுத்த தேதி போடும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். நான் மருந்துச் சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

திரும்பும்போது சுற்றுவழியில் போகச் சொன்னாள். சத்தமே இல்லாததால் பேசிக்கொண்டே வரமுடிந்தது. நீ பிறந்த கதையை எனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் சார்ஜ் தீர்ந்தது. அவளை இறங்கவிடாமல் உட்காரவைத்தே தள்ளினேன். பெட்ரோல் வற்றி இதே வண்டியை எத்தனையோ முறை தனியாகத் தள்ளியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பாதி வழியில் ஆள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். இருந்தாள்.

இனி வர வேண்டாம் என்றார்களாமே என்று மேல்மாடி அத்தை கேட்டார், நான் ஆமாம் என்றேன். அவர் ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து உன் அம்மா வாயில் ஒரு ஸ்பூன் போட்டார். இவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். நானும் ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டேன். அத்தையின் சந்தோஷத்தைக் கெடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

வருடக் கடைசியில் லீவு எடுப்பதாகச் சொல்லியிருந்தாய். அதை இப்போதே கேள் கண்ணு. உன் மேலதிகாரிகள் காரணம் கேட்டால் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல், இங்கே சாட்சிக்கு ஆள் நிறைய. ஏன் வந்தாய் என்று அவள் கேட்பாள். சும்மாதான் வந்தேன் என்று சொல். நம்ப மாட்டாள். நீயும் விடாமல் சும்மாதான் என்றே சொல்லிக்கொண்டிரு. அழுகை வந்தால் வாசலில் என்னோடு வந்து நில், சட்டை மாற்றுகிற சாக்கில் நானும் அங்கேதான் நிற்பேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இந்த வாரமே கிளம்பு.

உன்
அப்பா