கிருபாவுக்காக நான் சொன்ன பதில்

போன ஞாயிறு காலை யட்டியாந்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். ருவான்வெல்லையில் ஒரு பெண் சாக்கு மூட்டையோடு ஏறினாள். ஏறிய சற்று நேரத்துக்குள் எல்லோரும் கைக்குட்டையைத் தேடத் தொடங்கினார்கள். மூட்டைக்குள் ஒட்டுப்பால் இருந்தது. இறப்பர் மரத்து வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து புளித்துப்போன பால். கொண்டக்டர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தான். அவளும் சிங்களத்திலேயே, மூக்கை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்திருக்கலாமே என்று திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னலோரம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.

எனக்கு அது நீ கோயிலுக்குள் நுழையும் வாசனை. ஞாயிறு வேலை இருந்தால் பால் வெட்டிவிட்டு நேரே ஆராதனைக்கு வருவாய். தேசிக்காய் தேய்த்துக் கழுவினாலும் உன் விரலைவிட்டு அது போகாது. பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டு அப்பத்துக்குக் கை நீட்டும்போது போதகரின் முகம் ஒரு கணம் சுருங்கும். வெளியே வந்ததும், "ஆண்டவரே மூக்கப் பொத்தல, இவருக்கு என்னா வந்துச்சு" என்பாய், அவர் காதில் விழும்படியாகவே.

போன ஞாயிறு நம் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் பேராயர் வந்தார். பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் கொடுக்கும் நாள். சில வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும் நாள் அது. அன்று உன் மகள் கிருபா வெள்ளைச் சேலையில் அவர் முன் நிற்க வேண்டும் என்பது உன் ஆசை. அவள் வரமாட்டாள் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஒரே தோட்டத்தில் என்னோடு வளர்ந்த நீ தொண்ணூற்றிரண்டில் என்னைத் தேடிக் கேகாலைக்கு வந்ததை நினைத்துக்கொண்டே போனேன். பிள்ளையே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு உனக்குக் கிருபா பிறந்திருந்தாள். நான் பாடசாலையில் உயிரியல் படிப்பித்துக்கொண்டு, ஒரு அறையில் தனியாக இருந்தேன். பிள்ளையை என் கட்டிலில் கிடத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாய்.

"இவளுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறோம். நீதான் ஞானத்தாயா நிக்கணும்."

"வேற ஆளப் பாரு. நான் கோயிலுக்கு வாறதே இல்ல, உனக்குத் தெரியுமே."

"தெரியாமயா? கேம்பஸ் போயிட்டு வரக்குள்ள புஸ்தகம், பொட்டி எல்லாம் பத்திரமாக் கொண்டாந்த. ஆண்டவர மட்டும் பஸ்ஸுல மறந்துட்டு எறங்கிட்ட."

"அப்ப ஏண்டி என்னையக் கேக்கிற?"

நீ சிரிப்பை நிறுத்தினாய். "நம்புறவளுகளக் கேட்டா ஆமா ஆமாம்பாளுக, அடுத்த மாசம் மறந்துருவாளுக. நீ ஒன்னு சொன்னா அத விடமாட்ட. பொய்யும் சொல்ல மாட்ட. எனக்கு அது போதும் புள்ள."

கைக்குழந்தைக்குப் பேச வராது. அதனால் போதகர் கேட்கும் கேள்விகளுக்கு, குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய்தான் பதில் சொல்லுவாள். பிள்ளை வளர்ந்து, திடப்படுத்தலில் பேராயர் முன் நின்று அதே பதில்களைத் தன் வாயால் சொல்லும்வரை அந்த வாக்கு ஞானத்தாயின் பொறுப்பு. நம் சபையின் வழக்கம் அது. "விசுவாசிக்கிறாயா?" என்று போதகர் கேட்டபோது, என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த உன் மகளுக்காக "விசுவாசிக்கிறேன்" என்றேன். அது என் பதில் இல்லை என்பது உனக்கும் எனக்கும் தெரிந்திருந்தது. இன்னொருத்தியின் சாமானைக் கொஞ்ச நாள் வைத்திருப்பது போலத்தான் அன்று நினைத்தேன்.

உன் வீட்டுக்காரர் கோயிலுக்குள் வராமல் வாசலில் நின்று பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பே அவர் உன்னிடம் சொல்லிவிட்டாராம், முருகனை விடச் சொல்லக்கூடாது என்று. நீயும் விடச் சொல்லவில்லை. உங்கள் காம்பராவில், லயத்தின் அந்த ஒற்றை அறையில், ஒரு சுவரில் இயேசு, எதிர்ச் சுவரில் முருகன். "ரெண்டு பேரும் நேருக்கு நேரு பாத்துக்கிட்டு இருக்காங்க டீச்சர், சண்டையே வந்ததில்ல. எங்களுக்குத்தான் வருது" என்று அவர் என்னிடம் சொன்னார்.

கிருபாவை நீ யாரிடம் இழந்தாய் என்று யாராவது கேட்டால் என்னால் ஒரு பெயர் சொல்ல முடியாது. முருகனிடம் இல்லை. நீ பயந்தாயே, பஜாரில் கூட்டம் நடத்தும் புதுச் சபைக்காரர்கள், அவர்களிடமும் இல்லை. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழில் படிக்கத் தூரம் போகவேண்டும். அந்த நாட்களில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்ப்பார்கள், நீ அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வருவாய். நீ யோசித்து ஒரு முடிவெடுத்தாய். முதலாம் வகுப்பிலேயே பக்கத்திலிருந்த சிங்களப் பாடசாலையில் அவளைச் சேர்த்தாய்.

"இவ நல்லா சிங்களம் பேசட்டும். எங்க எறக்கி நிப்பாட்டினாலும் பயப்படாமப் பதில் சொல்லட்டும். நான் பட்டது போதும்."

நான் சரி என்றேன். இப்போது கேட்டாலும் சரி என்றுதான் சொல்லுவேன்.

சமயபாடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். அந்தப் பாடசாலையில் கிறிஸ்தவம் படிப்பிக்க ஆளில்லை. கிருபா பௌத்தம் எடுத்தாள். அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கணக்கு, சுற்றாடல் மாதிரி அதுவும் ஒன்று என்று இருந்தாய். பிறகு ஒரு நாள் என் பாடசாலை முடியும் நேரத்தில் வாசலில் வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்து யாரோ செத்துப் போனார்கள் என்று நினைத்துவிட்டேன்.

"எம்மவ வகுப்புல முதலாவது வந்திருக்கா."

"நல்லது தானே. எதுல?"

"புத்த சமயத்துல. பரிசெல்லாம் குடுத்திருக்காங்க. சிரிக்கிறதா அழுறதான்னு கேக்கத்தான் வந்தேன்."

நாம் இருவரும் சிரித்தோம். வாசற்காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். அவளுடைய ஆசிரியை நல்ல பெண் என்று நீயே சொன்னாய். தன் பிள்ளை மாதிரிப் பார்த்தாளாம், பகல் சாப்பாடு கொண்டுவராத நாளில் தன்னுடையதைப் பகிர்ந்தாளாம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது, ஞாயிறு காலைகளில் புத்த விகாரையான பன்சலையில் நடக்கும் வகுப்புக்கும் வந்தால் நல்ல பெறுபேறு கிடைக்கும் என்று அந்த ஆசிரியை சொல்லியனுப்பினாள். ஞாயிறு காலையில்தான் ஆராதனை. நீ பரீட்சையைத் தேர்ந்தெடுத்தாய்.

"வெள்ளச் சட்ட போட்டுத்தான் அனுப்புறேன். பாக்கிறவங்க கோயிலுக்குப் போறாள்னு நெனச்சுக்கட்டும்" என்றாய். அப்போதும் சிரித்தாய். ஆனால் ஆராதனையில் உன் பக்கத்து இடத்தில் உன் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று போதகர் பின்னால் எனக்குச் சொன்னார்.

பிறகு உன் நோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ ஒரு பிள்ளை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தாய். கிருபா வெளியே மருந்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சொன்னாய்.

"அடுத்த தடவ பேராயர் வரக்குள்ள இவ நிக்கணும். நீ கூட்டிட்டுப் போயிரு."

"நான் எப்படிடி?"

"எப்படியோ. உனக்குத்தான் படிப்பிக்கத் தெரியுமே. தவளைய அறுத்துக் காட்டுற, இது முடியாதா?"

முடியும் என்றேன். சாகக் கிடந்தவளைத் தேற்றுவதற்காக அதைச் சொல்லவில்லை. முடியும் என்றே நினைத்தேன்.

நீ போன பிறகு சனிக்கிழமைகளில் உன் வீட்டுக்குப் போனேன். திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்யும் கேள்வி பதில்களை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நம் பிள்ளைக்குத் தமிழ் பேசத்தான் வரும். அச்சுத் தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள், அதிலும் வேதத்தின் தமிழ் அவளுக்கு வேறொரு நாட்டுப் பாஷை மாதிரி. நான் வாசிப்பேன், பேச்சுத் தமிழில் விளக்குவேன். விளங்காவிட்டால் சிங்களத்தில் சொல்லுவேன். நான் நம்பாத ஒன்றை எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் விளக்கிக்கொண்டிருந்தேன். அதை நன்றாகவே செய்தேன் என்பதுதான் வேடிக்கை. பாவம், மன்னிப்பு, உயிர்த்தெழுதல் எல்லாவற்றையும் சுவாசத் தொகுதி மாதிரி ஒழுங்காகப் படிப்பித்தேன். அவளும் ஒழுங்காகப் படித்தாள். கேட்டால் பிழையில்லாமல் ஒப்புவித்தாள்.

இந்த வருடம், பேராயர் வரும் நாள் குறித்தாயிற்று என்று தெரிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை அவள் கேட்டாள்.

"பெரியம்மா, இதெல்லாம் நீங்க நம்புறீங்களா?"

உன் வீட்டுக்காரர் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றது. ஆமா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சமைக்கத் தெரியாதவள் ருசியைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஏதாவது சொல்லிக் கடந்திருக்கலாம். ஆனால் நீ எதற்காக என்னைத் தேர்ந்தாயோ, அந்தக் குணம் அந்த நேரத்திலும் என்னைவிட்டுப் போகவில்லை.

"இல்ல."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லிக் குடுக்கிறீங்க?"

"உங்கம்மாவுக்கு வாக்குக் குடுத்தேன். உனக்காகக் கோயில்லயும் சொன்னேன்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். மிகவும் மெதுவாகச் சொன்னாள். "நீங்க சொன்னீங்க. நான் சொல்லலயே பெரியம்மா. அம்மா எப்பவும் சொல்லுவாங்க, உங்கள மாதிரி பொய் சொல்லாம இருக்கணும்னு. பேராயருக்கு முன்னால போய் நின்னு நான் எப்படிச் சொல்லுறது?"

பன்சலைக்குப் போக விருப்பமா என்று கேட்டேன். அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

"அது சோதினை முடிஞ்சிருச்சே. எல்லாமே பாடந்தான் பெரியம்மா. அதுக்கு ஏ கெடச்சிச்சு. இதுக்கும் கெடைக்கும், நீங்க நல்லாப் படிப்பிக்கிறீங்க."

கத்தி தீட்டும் சத்தம் மறுபடி கேட்டது.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று பல நாள் யோசித்தேன். நீ அழுதிருப்பாய், அதட்டியிருப்பாய், ஒரு வேளைச் சோற்றை ஒதுக்கியிருப்பாய். உனக்கு அவள் பணிந்திருப்பாள். உன் கண்ணீரில் பொய் இருக்காது. என்னிடம் அது எதுவும் இல்லை. விளக்கம் மட்டும்தான் இருந்தது. விளக்கத்தால் ஒருவரையும் ஜெபிக்க வைக்க முடியாது என்பது இத்தனை வருடம் படிப்பித்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன ஞாயிறு கோயிலில் பழைய முகங்கள் பின்வரிசைகளில் இருந்தன. பேராயர் முன் டவுன் சபையிலிருந்து வந்த இரண்டு பையன்கள் நின்றார்கள். அவர்களுடைய மாமா வீடியோ எடுத்தார். நம் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையும் இல்லை. நம் லயங்களில் பிள்ளைகள் இல்லாமல் இல்லை. சிலர் கொழும்பில் கடைகளில், சிலர் அவிசாவளைப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில், மற்றவர்கள் கீழே மைதானத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிரசங்கத்துக்கு நடுவே அவர்கள் கத்துவது கேட்டது. யுத்தம் முடிந்துவிட்டது, இனி நல்ல காலம் என்று பேராயர் பேசினார். கேள்விகள் தொடங்கியபோது, அந்தப் பையன்களின் ஞானப்பெற்றோர் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். நான் என் இடத்திலேயே இருந்தேன். போதகர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

ஆராதனை முடிந்து உன் வீட்டுக்கு இறங்கினேன். கிருபா சமைத்து வைத்திருந்தாள். பலாக்காய்க் கறி, கருவாடு, பருப்பு. நான் கோயிலுக்கு வருவேன் என்று தெரிந்து, பசியோடு வருவேன் என்றும் தெரிந்து, காலையிலிருந்து அடுப்படியில் நின்றிருக்கிறாள். உன்னுடைய பிள்ளைதான், அதில் சந்தேகமில்லை. கூட்டம் எப்படி என்று கேட்டாள். யார் யார் வந்தார்கள், பேராயர் என்ன நிறத்தில் அங்கி போட்டிருந்தார் என்றெல்லாம் கேட்டாள். பக்கத்து வீட்டுத் திருவிழாவைப் பற்றி விசாரிப்பது போல ஆசையாகக் கேட்டாள்.

சோறு பரிமாறியதும் உன் வீட்டுக்காரர் கையை வைத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்கப்பா. பெரியம்மா கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்காங்க, ஜெபம் பண்ணணும்ல."

"அட, மறந்துட்டேன். பண்ணுங்க டீச்சர், பண்ணுங்க" என்று அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இருவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வேறு சமயத்து விருந்தாளி ஒருத்தி தன் வழக்கத்தை முடிக்கட்டும் என்று நாம் மரியாதையாகப் பேசாமல் இருப்போமே, அப்படி. நீ இருந்த காம்பராவில், உன் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்காக, உன் மகள் அப்படிக் காத்திருந்தாள். எனக்கு ஜெபிக்க வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொண்டிருந்தாள், எனக்காக. கண்ணை மூடினேன். என்னிடம் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை. வந்ததெல்லாம் இந்தச் சோற்றுத் தட்டின் முன்னால் நீ சொல்வதுதான், உன் குரலின் ஏற்ற இறக்கத்தோடு: "ஆண்டவரே, இந்தச் சோத்துக்கு ஸ்தோத்திரம். இல்லாத வீட்டையும் பாத்துக்கிருங்க. எங்க புள்ளயக் கைவிட்டுறாதீங்க."

ஆமென் சொன்னது நான் மட்டும்தான்.

"சாப்பிடுங்க பெரியம்மா, ஆறிருச்சு" என்றாள் கிருபா.

கேகாலைக்குத் திரும்பிய பிறகும் தட்டின் முன் உட்காரும்போது அந்தச் சொற்கள் வருகின்றன. நான் கூப்பிடாமலே வருகின்றன, தடுத்தாலும் வாய்க்குள் முடிந்துவிட்டுத்தான் போகின்றன. அவற்றைக் கேட்க அங்கே யாரும் இருப்பதாக நான் இன்னும் நம்பவில்லை. நீ உன் மகளுக்கென்று வைத்திருந்ததை இப்போது தினமும் சொல்லிக்கொண்டிருப்பவள் நான்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பிறகு அது யாருக்கும் போகாது.